அக்கா மகளோடு உட்கார்ந்து போட்ட காலேஜ் கணக்கு

2024 மே மாதம் ப்ளஸ் டூ முடிவுகள் வந்த அன்று சாயங்காலமே அக்கா போன் செய்துவிட்டாள். மகள் நன்றாக எழுதியிருந்தாள், கட்-ஆஃப் 200-க்கு 178. கோவில்பட்டி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்த பிள்ளை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அக்கா கூப்பிட்டது அதைச் சொல்ல மட்டும் இல்லை. சென்னைப் பக்கம் பெரிய பெயரெடுத்த ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது, ஐம்பது சதவீதம் ஸ்காலர்ஷிப் தருகிறோம், ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள் என்று. "தம்பி, பாதிக் காசை அவங்களே தள்ளுபடி பண்றாங்கடா. அந்தப் பேரைச் சொன்னா ஊர்ல தெரியாதவங்க கிடையாது. லோன் போட்டுரலாமா?" என்றாள்.

வேண்டாம் என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2012-இல் இதே கேள்வியோடு நானும் அப்பாவும் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பஸ் ஏறி ஊருக்குப் போய், அவளையும் அக்காவையும் அத்தானையும் உட்கார வைத்து, பழைய நோட்டு ஒன்றில் கணக்குப் போட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், என் கதையையும் சேர்த்து. இந்த வருடமும் ஏதோ ஒரு வீட்டில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், அவர்களுக்கு உதவினால் போதும்.

முதலில் அந்த ஐம்பது சதவீதம். கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தோம். பாதித் தள்ளுபடி என்பது கல்விக் கட்டணத்துக்கு மட்டும். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், இதர கட்டணம் எல்லாம் முழுசாகக் கட்ட வேண்டும். அப்புறம் அந்தத் தள்ளுபடி முதல் வருடத்துக்குத்தான் உறுதி. அடுத்தடுத்த வருடங்களுக்கு வேண்டுமென்றால் சிஜிபிஏ, அதாவது பத்துக்குப் போடும் சராசரி மதிப்பெண், 8.5-க்குக் கீழே போகக் கூடாது, ஒரு அரியர்கூட விழக் கூடாது, ஒரு முறை போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் அதே வழியில் வந்தவன். பாடம் புரியாமல் இல்லை, வகுப்பில் சொல்லும் ஆங்கிலம் காதில் விழுந்து மண்டையில் ஏறுவதற்கே மூன்று நான்கு மாதம் ஆகும், அதற்குள் முதல் தேர்வு வந்துவிடும். கூடவே இன்ஜினியரிங் கிராபிக்ஸ் என்று ஒரு தாள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையே கவிழ்த்துவிடும். ஆக, இந்தத் தள்ளுபடி ரொம்பத் தேவைப்படுகிற பிள்ளைதான் அதை முதலில் இழக்கும்படி நிபந்தனை இருக்கிறது. இதை அக்காவிடம் சொன்னபோது அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் படித்தாள்.

எல்லாம் சரியாக நடந்து தள்ளுபடி நாலு வருடமும் நிற்கிறது என்றே வைத்துக்கொண்டோம். அப்போதும் வருடத்துக்கு மூன்று லட்சம் வந்தது. அத்தான் கையிலிருந்து ஒரு லட்சம், அது நகை அடகோ சீட்டோ ஏதோ ஒன்று. மீதி இரண்டு லட்சம் கல்விக் கடன். நாலு வருடத்துக்கு எட்டு லட்சம். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்தை அடமானம் கேட்கும், அவர்களிடம் இருப்பது ஒரு வீடுதான். வட்டி 11 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், படிக்கும் நாலு வருடமும் முடித்த பிறகு கிடைக்கும் ஒரு வருட அவகாசமும் சேர்த்துத் தனிவட்டியே மூன்று லட்சத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. திருப்பிக் கட்ட ஆரம்பிக்கும்போது கடன் பதினோரு லட்சம். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 15,260 ரூபாய், கட்டி முடிக்கும்போது மொத்தம் பதினெட்டு லட்சத்துக்கு மேல். தகுதியுள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு, அது கிடைத்தால் கொஞ்சம் குறையும், ஆனால் எட்டு லட்சம் அசல் அப்படியேதான் நிற்கும்.

பெரிய ஐடி கம்பெனிகள் புதிதாக எடுக்கும் பிள்ளைகளுக்கு வருடம் மூன்றரை லட்சம் என்று பல வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கையில் வருவது மாதம் இருபத்தைந்தாயிரம் பக்கம். அதில் பதினைந்தாயிரம் வங்கிக்குப் போய்விட்டால் சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்து, சாப்பிட்டு, வீட்டுக்கு என்ன அனுப்ப முடியும்? அத்தான் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் லாரி ஓட்டுகிறவர், தவணை என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோட்டின் மறுபக்கத்தில் கவுன்சலிங் வழி, அதாவது கட்-ஆஃப் வரிசைப்படி அரசு நடத்தும் பொறியியல் சேர்க்கை. 2021-இல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள். மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது, கவுன்சலிங் கட்டணம்கூடக் கிடையாது. அரசுக் கல்லூரியில் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம், கவுன்சலிங்கில் வரும் தனியார் கல்லூரி இடங்களுக்கும் இது பொருந்தும். அதோடு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், படிப்பு முடியும் வரை. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து கிடைக்கிறது.

இந்த 7.5 சதவீதத்துக்குள் வராத பிள்ளைகளுக்கும் வழிகள் இருக்கின்றன. குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கியதில்லை என்றால் முதல் பட்டதாரி சலுகை, கல்விக் கட்டணத்தில் கழியும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெண் பிள்ளைகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ கொடுக்கும் பிரகதி உதவித்தொகை வருடம் ஐம்பதாயிரம், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். மாற்றுத்திறனாளி பிள்ளைகளுக்கு அதே ஏஐசிடிஇ-யில் சக்ஷம் என்று ஒன்று. ஒன்றை வாங்கினால் இன்னொன்று கிடையாது என்று சில விதிகள் இருக்கும், விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று இதற்கெல்லாம் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். ஜூனில் போனால் தாலுகா ஆபீஸில் ஊரே நிற்கும், ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரம் போகும்.

இதில் நான் அடித்துச் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. 7.5 சதவீத இடமும் முதல் பட்டதாரி சலுகையும் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கவுன்சலிங்கில் வருவதே இல்லை. கல்லூரியே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் வழி அடைபடும். மே மாதத்தில் அவசரப்பட்டு ஒரு முன்பணத்தைக் கட்டுகிற அன்றைக்கே இதையெல்லாம் நாமே விட்டுக்கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு வாரக் கெடு எதற்கு வைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கவுன்சலிங் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

இனி என் கதை. அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிற வேலை. அம்மா அதே ஆபீஸில் குச்சி அடுக்கினாள். நான் வாங்கிய கட்-ஆஃப் 186. அப்போது கவுன்சலிங் நேரில்தான், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கே போக வேண்டும். வாசலிலிருந்தே தனியார் கல்லூரிக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு, நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு, வாங்க வாங்க என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். உள்ளே பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணெதிரே எண் குறையும். என் முறை வந்தபோது சென்னையில் எல்லாரும் ஆசைப்படும் ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு இடம் இருந்தது. தெற்கே ஒரு அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ-யும், அதாவது எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பிரிவும், இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் கணக்கு சார் ஒரு வேலை கொடுத்திருந்தார். எனக்குப் பிடித்த ஐந்து கல்லூரிகளை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, அந்தக் காசை யார் தருவார்கள் என்று எழுதச் சொன்னார். "யார் தருவாங்க"ங்கிற இடத்தில் பெயர் எழுத முடியாத வரியை அடித்துவிடச் சொன்னார். மூன்று வரி போய்விட்டது. சென்னைக் கல்லூரி வரியில் கவுன்சலிங் கட்டணம் கம்மிதான், ஆனால் பஸ், மெஸ், பயிற்சி, சீருடை என்று அங்கே படிக்கிற ஒரு அண்ணனிடம் கேட்டு எழுதிய கூட்டுத்தொகை அப்பாவின் ஒரு வருடச் சம்பளத்தை விழுங்கியது. அரசுக் கல்லூரியில் முதல் பட்டதாரி சலுகையும் சேர்ந்து, விடுதி முன்பணம் உட்பட முதல் வருடத்துக்கு நாங்கள் கட்டியது அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் விலையைவிடக் குறைவு.

அந்தக் கல்லூரியின் பெயரை எழுதவில்லை, குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதால். ஆசிரியர் பணியிடங்கள் பாதி காலி, கௌரவ விரிவுரையாளர்கள்தான் பல தாள்களை நடத்தினார்கள், அவர்களில் சிலர் அருமையாக நடத்தினார்கள், ஆனால் சம்பளம் சரியாக வராமல் வருடத்தின் நடுவில் கிளம்பிவிடுவார்கள். கோடையில் விடுதியில் தண்ணீர் வராது. லேபில் இருந்த ஆசிலோஸ்கோப்புகளில் மூன்று ஓடும். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணலாம். முதல் வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, எந்தக் கல்லூரி என்று கேட்ட மாமா ஒருத்தர் பதிலைக் கேட்டதும் பேச்சை மாற்றினார். அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

ஆனால் வகுப்பில் மொத்தம் அறுபது பேர்தான். இரண்டாம் வருடத்திலேயே எங்கள் துறை மேடத்துக்கு என் பெயர் தெரியும், எனக்குச் சிக்னல்ஸ் பிடிக்கும் என்று தெரியும், லேப் சாவியை வாங்கிக்கொண்டு ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன் என்று தெரியும். நூலகத்தில் என்பிடெல் பாடங்கள் எல்லாம் இருந்தன, ஐஐடி பேராசிரியர்கள் நடத்துகிற முழுப் பாடங்கள், பென் டிரைவில் எடுத்து வந்து விடுதியில் ஒரே கம்ப்யூட்டரில் ஆறு பேர் பார்ப்போம். எங்கள் கல்லூரியில் ஆள் இல்லாத தாள்களை நான் அப்படித்தான் படித்தேன்.

அந்த மேடம்தான் மூன்றாம் வருடத்தில், நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையைப் பற்றிச் சொன்னார். இரண்டு மாதம் ஏதாவது ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு விஞ்ஞானியிடம் வேலை செய்யலாம், மாதம் உதவித்தொகையும் உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. கேட்டது மதிப்பெண், எனக்கு எதில் ஆர்வம் என்று ஒரு குறிப்பு, தெரிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை மேடம் இரண்டு பக்கம் எழுதினார். ஒரு துறையில் பத்து செக்‌ஷன், அறுநூறு பேர் என்று இருக்கும் இடத்தில் என்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுத யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? 2015 கோடையில் பெங்களூருக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சிப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது அங்கேதான். சென்னை ஐஐடியும் இதே மாதிரி வெளிக் கல்லூரி மாணவர்களுக்குக் கோடையில் ஒரு திட்டம் நடத்துகிறது. இந்த இரண்டையும் எங்கள் ஜில்லாவில் எத்தனை பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்னமும் மனசு ஆறுவதில்லை.

2016-இல் முடித்தேன். ஒரு ஐடி கம்பெனி வேலை கிடைத்தது, வேண்டாம் என்றேன். இதை எழுதும்போது எளிதாக இருக்கிறது, அன்றைக்கு அது எங்கள் வீட்டில் பெரிய விஷயம். ஆனால் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "யாருக்காவது நாம காசு தரணுமா?" இல்லை என்றேன். "அப்ப ஒரு வருஷம் வீட்ல இருந்து படி" என்றார். காலையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ட்யூஷன், மத்தியானத்துக்கு மேல் எம்.டெக் சேர்வதற்கான கேட் பரீட்சைக்குப் படிப்பு. கேட் மதிப்பெண் அட்டையில் எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று ஒரு வரியும் கிடையாது. 2017-இல் ஐஐடி ஒன்றில் எம்.டெக் கிடைத்தது, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, அதில் மூன்றாயிரம் வீட்டுக்கு அனுப்புவேன். இன்றைக்கு சிப் வடிவமைப்பில் வேலை.

ஸ்காலர்ஷிப் என்றால் மிச்சமாகும் காசு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அந்த ஒரு வருடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது அதுதான் என்பது நான் வேலைக்குப் போன பிறகுதான் எனக்கே புரிந்தது. என் கூடப் படித்த, ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் ஒருத்தன், என்னைவிடக் கெட்டிக்காரன், பெயர் பெற்ற இடம் வேண்டும் என்று வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி வேறு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். அவனைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவனுக்கும் ஐடி கம்பெனி வேலைதான் கிடைத்தது, கிட்டத்தட்ட எனக்குக் கிடைத்த அதே சம்பளம். அவன் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது, மறு வருடம் தவணை தொடங்குகிறது. 2018-இல் கோயம்புத்தூரில் ஒரு சின்ன ரோபோ கம்பெனி அவனைக் கூப்பிட்டது, அவன் பள்ளியிலிருந்தே ஆசைப்பட்ட வேலை, ஆனால் சம்பளம் எட்டாயிரம் கம்மி. அந்த எட்டாயிரம் இல்லாவிட்டால் தவணை நிற்கும். போகவில்லை. 2024 ஜனவரியில்தான் அவன் அப்பா கையில் பத்திரம் திரும்ப வந்தது. அவன் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறான், அவன் படிப்பு வீணும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயதிலிருந்து முப்பது வயதுக்குள் ஒரு மனுஷன் எடுக்கிற முடிவுகளை எல்லாம் அவனுக்காக ஒரு வங்கிக் கணக்கு எடுத்தது.

எதிர்ப்பக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும், மறைத்தால் நியாயமாகாது. அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்தவர்களில், பெரிய பெயர் உள்ள கல்லூரிக்குப் போனவர்களும் அதைவிடப் பெயர் குறைந்த கல்லூரிக்குப் போனவர்களும் பிற்காலத்தில் என்ன சம்பாதித்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே இல்லை. ஆனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் இருந்தது, அவர்களுக்குப் பெரிய கல்லூரி உதவியது. தொடர்ந்து செய்த ஆய்வில் பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கும் அப்படியே. அதாவது என்னை மாதிரி, அக்கா மகள் மாதிரிப் பிள்ளைகள்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இன்டர்ன்ஷிப் என்றால் என்ன, எங்கே கேட்பது, யாரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவது என்று வீட்டிலேயே சொல்லித்தர ஆள் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ் வீட்டில் அது இல்லை, அதைக் கல்லூரிதான் தர வேண்டும். எனக்கு அந்த மேடம் கிடைத்தார். அவர் இல்லாவிட்டால் நானும் அந்த ஐடி கம்பெனிக்குத்தான் போயிருப்பேன், கடன் இல்லாமல். ஆகவே காசு குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து ஏதோ ஒரு கல்லூரியில் போய் விழுந்துவிடக் கூடாது. ஆள் இருக்கிற கல்லூரியாகப் பார்க்க வேண்டும், கதவைக் காட்டிவிடுகிற ஆள்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றைக்கு அக்கா மகளும் இதைத்தான் கேட்டாள். நான் சொன்னது: விளம்பரத்தில் போடுகிற "அதிகபட்ச சம்பளம் 40 லட்சம்" என்பதை விட்டுவிடு, அது ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி, எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும், அதை அவர்கள் இணையதளத்திலேயே வைத்திருப்பார்கள். ரேங்க்கைவிட அந்தத் தாள்தான் எனக்கு முக்கியம். இடைநிலைச் சம்பளம் என்றால் வேலை கிடைத்தவர்களின் வரிசையில் நடுவில் நிற்கிற பிள்ளை வாங்குவது, நீ அங்கே போனால் பெரும்பாலும் உனக்குக் கிடைக்கப் போவதும் அதுதான். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது, அதையும் பார். நாக் என்பது கல்லூரி முழுவதற்குமான மதிப்பீடு, என்பிஏ என்பது ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி, நீ சேரப்போகும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று கேள்.

இதற்கெல்லாம் மேலே, அங்கே மூன்றாம் வருடம் படிக்கிற ஒருத்தியைப் பிடித்துப் பேசு. லேப் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், போன கோடையில் வகுப்பில் எத்தனை பேர் எங்கேயாவது இன்டர்ன்ஷிப் போனார்கள், யார் வழியாகப் போனார்கள், சந்தேகம் என்றால் எந்த ஆசிரியர் அறைக்குப் போவீர்கள் என்று கேள். கடைசிக் கேள்விக்கு அவள் சட்டென்று ஒரு பெயரைச் சொன்னால் அந்தக் கல்லூரியை மேலே போடு.

ஐஐடி, என்ஐடி பற்றி அத்தான் கேட்டார். பெயரும் உதவியும் சேர்ந்தே கிடைக்கிற இடம் அது, கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஐஐடியில் கல்விக் கட்டணம் வருடம் இரண்டு லட்சம் என்று கேட்டவுடனே நம் ஊரில் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழுத் தள்ளுபடி. என்ஐடிகளிலும் இதே முறைதான், அதிலும் திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு. ரெண்டு லட்சத்துக்கு எங்கே போவது என்று சொல்லி அந்தத் தேர்வையே எழுதாமல் விட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். யாராவது ஒருத்தர் அவன் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும்.

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம். கணக்கெல்லாம் முடிந்த பிறகும் அக்காவுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. "எல்லாம் சரிதான் தம்பி. நாளைக்கு இவளுக்கு ஒரு இடம் பேசும்போது எங்க படிச்சான்னு கேப்பாங்களே" என்றாள். இது சாதாரணமாகத் தள்ளிவிடுகிற கவலை இல்லை, எங்கள் ஊரில் ஒரு தாய்க்கு அது உண்மையான கவலை. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா மகளே சொன்னாள், "அம்மா, வீட்டுப் பத்திரம் எங்கன்னும் கேப்பாங்கல்ல?" அத்தான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "கவுன்சலிங்லயே பாப்போம்" என்றார்.

கவுன்சலிங் வந்ததும் விருப்பப் பட்டியலை அவளேதான் போட்டாள். நான் கேட்ட ஒரே விஷயம், கிடைக்காது என்று நினைக்கிற கல்லூரியையும் பிடித்திருந்தால் மேலே போடு, வரிசை உன் ஆசைப்படி இருக்கட்டும், போன வருடக் கட்-ஆஃப் படி வேண்டாம் என்பதுதான். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ கிடைத்தது. முதல் செமஸ்டரில் ஒரு தாள் போனது, நான் பயந்த அதே கிராபிக்ஸ். அந்த ஐம்பது சதவீதக் கடிதத்தின்படி பார்த்தால் முதல் வருடத்தோடு தள்ளுபடி முடிந்திருக்கும். இங்கே அடுத்த முறை எழுதித் தேறிவிட்டாள்.

போன வாரம் ராத்திரி போன் வந்தது. "மாமா, அந்த அகாதமி கோடைக்காலத் திட்டத்துக்கு லெட்டர் வேணும்ல, எங்க டிபார்ட்மென்ட் சார்கிட்ட கேட்டேன், நான் என்ன ப்ராஜெக்ட் பண்ணேன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வரச் சொன்னாரு. தமிழ்ல எழுதி வச்சிருக்கேன். நீங்க பாத்துட்டு சொல்லுங்க, அப்புறம் நானே இங்கிலீஷ்ல மாத்திக்கிறேன்." போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு பக்கம் கேட்டதற்கு மூன்று பக்கம் இருந்தது. இரண்டாவது பக்கத்தில் அவள் வரைந்திருந்த சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டரின் மதிப்பு தலைகீழாகக் கணக்கிடப்பட்டிருந்தது, அதைச் சொல்லித் திருத்துவதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டது.